பிஎஸ்5-ஆ எக்ஸ்பாக்ஸா: வளவு வீட்டுக்கும் காரைக்குடி வெயிலுக்கும் எது தாங்கும்?

#1 கழனிவாசல்

வணக்கம். கோடை லீவுக்கு வளவு வீட்டில் (பங்காளிகளுக்குப் பொதுவான பழைய முற்றத்து வீடு) ஐந்து புள்ளி, அதாவது ஐந்து குடும்பத்துப் பிள்ளைகளும் சேருகிறார்கள். 8 வயது முதல் 16 வயது வரை ஒன்பது பேர். பொதுவில் ஒரு கேம் பெட்டி வாங்கி வைப்பதாகப் பேச்சு. பேச்சு தொடங்கிய அன்றே வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. ஒரு பக்கம் சோனியின் ப்ளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5), ஒரு பக்கம் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ். சின்னதுகள் இரண்டும் நிண்டெண்டோ கேட்கின்றன. "எங்க பெட்டி 12 டெராஃப்ளாப்ஸ், உங்களுது 10 தான்" என்று பெட்டி கணக்குப் போடும் வேகம் வரைக்கும் சண்டை போய்விட்டது.

எனக்குத் தெரிய வேண்டியது வேறு. மே மாத வெயில், அடிக்கடி போய் வரும் கரண்ட், இரண்டடிச் சுவர் தாண்டாத வைஃபை, ஒன்பது பிள்ளைகள் கை. இதற்கெல்லாம் எந்தப் பெட்டி நிற்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பள்ளத்தூர் பச்சை

அண்ணே, ஒன்பது பேர்னு சொன்னதுமே பாதி பதில் வந்துருச்சு. எக்ஸ்பாக்ஸ்ல ஒரே நேரத்துல 8 கன்ட்ரோலர் சேரும். பிஎஸ்5-ல 4 தான். பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர், அதுக்கு அப்புறம் வந்த பெரிய மாடல் சீரிஸ் எக்ஸ், சின்ன மாடல் சீரிஸ் எஸ் ரெண்டுலயும் எல்லா கேமுக்கும் வேலை செய்யும். பிஎஸ்4 கன்ட்ரோலரை பிஎஸ்5-ல மாட்டினா பிஎஸ்4 கேம் மட்டும்தான் ஆடலாம். பிஎஸ்5 கேமுக்குப் புது கன்ட்ரோலர்தான் வாங்கியாகணும்.

இன்னொண்ணு, எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் ரெண்டு பென்சில் செல்லுல ஓடும். ரீசார்ஜ் செல் நாலு வாங்கி வச்சா, தீர்ந்ததும் மாத்திட்டு ஆட்டத்தைத் தொடரலாம். பிஎஸ்5 கன்ட்ரோலர்ல உள்ளேயே 1,560 எம்ஏஎச் பேட்டரி. தீர்ந்தா வயரோட உட்காரணும். நாலஞ்சு வருஷத்துல பேட்டரி சோர்ந்தா பிரிச்சு மாத்தணும்.

#3 கோட்டையூர்

பச்சை சொன்ன கன்ட்ரோலர் கணக்கு சரி. ஆனால் எட்டுப் பேர் ஒரே திரையில் ஆடுகிற கேம் எத்தனை இருக்கு? கிரிக்கெட், ஃபுட்பால், சண்டை கேம் எல்லாம் பெரும்பாலும் நாலு பேருக்கு உள்ளேதான். அதனால் அந்த ஒரு காரணத்துக்காக முடிவு செய்ய வேண்டாம்.

டெராஃப்ளாப்ஸ் சண்டைக்கு ஒரு பதில் சொல்லியாகணும், ஏன்னா இந்த எண் சண்டை முப்பது வருஷமா அப்படியே நடக்குது. 90-களில் சேகா மெகா டிரைவின் பிராசசர் 7.6 மெகாஹெர்ட்ஸ், சூப்பர் நிண்டெண்டோவுடையது 3.58. சேகா ரசிகர்கள் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் திரையில் ஒரே நேரத்தில் சேகா காட்டியது 64 நிறம், நிண்டெண்டோ 256 நிறம். ஒன்று வேகத்தில் மேல், ஒன்று நிறத்தில் மேல். 1993-ல் அட்டாரி ஜாகுவார் "64 பிட்" என்று விளம்பரம் செய்து வந்தது. இரண்டரை லட்சம் பெட்டிகூட விற்கவில்லை.

இன்றைக்கும் அதே கதைதான். சீரிஸ் எக்ஸ்-ல் 52 கம்ப்யூட் யூனிட் (கணக்குப் போடும் பகுதி), 1.825 கிகாஹெர்ட்ஸ், ஆக 12.15 டெராஃப்ளாப்ஸ். பிஎஸ்5-ல் 36 யூனிட், அதிகபட்சம் 2.23 கிகாஹெர்ட்ஸ், ஆக 10.28. கேமைச் சேமிக்கும் எஸ்எஸ்டியின் வேகத்தில் தலைகீழ்: பிஎஸ்5 நொடிக்கு 5.5 ஜிபி, சீரிஸ் எக்ஸ் 2.4 ஜிபி. இரண்டுக்கும் சிப் வடிவமைப்பு ஏஎம்டி, அடித்துக் கொடுப்பது தைவானின் டிஎஸ்எம்சி, வெளிவந்தபோது இரண்டும் 7 நானோமீட்டர் முறை. ஒரே கொல்லனிடம் அடித்த இரண்டு அரிவாள். கைப்பிடிதான் வேறு. 43 இஞ்ச் டிவியில் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால் பிள்ளைகளால் வித்தியாசம் சொல்ல முடியாது.

சீரிஸ் எஸ் மட்டும் உண்மையிலேயே வேறு தரம். 4 டெராஃப்ளாப்ஸ், 10 ஜிபி ராம். அதை பிஎஸ்5-உடன் ஒப்பிடக் கூடாது.

#4 செக்காலை சர்வீஸ்

வெயில் விஷயத்துக்கு வர்றேன். பிஎஸ்5-க்கு சோனி எழுதியிருக்கும் அறை வெப்பம் 5 முதல் 35 டிகிரி. மே மாசம் நம்ம பக்கம் மதியம் அதைத் தாண்டிரும். ஆஸ்பெஸ்டாஸ் மாடி அறையிலோ மேற்கு வெயில் விழும் கான்கிரீட் அறையிலோ வைத்தால் மதியம் 1 மணி முதல் 4 மணி வரை நிறுத்திவிடுவதுதான் நல்லது. பழைய வீட்டில் இந்தத் தொல்லை குறைவு. கனத்த சுவர், உயரமான கூரை, முற்றத்தில் மேலே போகும் காற்று. உள் அறை வெளியைவிட நன்றாகவே குளிர்ந்திருக்கும்.

ஆனால் அங்கேயும் ஒரு தப்பு நடக்குது. பெட்டியைச் சுவர் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது, இல்லாவிட்டால் மாடக்குழியில் செருகுவது. சோனி கேட்பது சுவரிலிருந்து குறைந்தது 10 சென்டிமீட்டர் இடைவெளி. சீரிஸ் எக்ஸ்-ல் 130 மில்லிமீட்டர் ஃபேன் உச்சியில் இருக்கு, சூடு நேராக மேலே போகும். தூசி விழக்கூடாதுன்னு அதன் தலையில் பின்னல் துணி போடுவது அடுப்பை மூடி வைப்பது மாதிரி. தரையிலும் வைக்காதீங்க. பெருக்கும்போது எழும் தூசி முழுக்க உள்ளே போகும். ஒன்றரை அடி மரஸ்டூல் போதும்.

தூசி எடுக்கும் முறை, பிஎஸ்5-க்கு:

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு மணி நேரம் ஆறவிடுங்க. ரெண்டு பக்க வெள்ளைத் தகடும் ஸ்க்ரூ இல்லாமலே கழலும். மூலையை லேசாகத் தூக்கி இழுத்தால் போதும். உள்ளே ஃபேனும், தூசி சேரும் குழி ரெண்டும் தெரியும். சோனியே அதற்கென்று விட்ட குழி. வாக்குவம் வைத்து உறிஞ்சணும். புளோயர் வைத்து ஊதினால் தூசி ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) இடுக்கில் இறுகிப் போகும். ஃபேன் இறக்கையை ஒரு ஐஸ்குச்சியால் தடுத்துப் பிடிச்சுக்குங்க. காற்றில் கட்டுப்பாடில்லாமல் சுற்றினால் பேரிங் கெடும், மோட்டார் தானே மின்சாரம் உண்டாக்கி போர்டுக்குள் அனுப்பும்.

அதற்குமேல் பிரிக்காதீங்க. பிஎஸ்5 சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் இருப்பது சூடு கடத்தும் சாதாரண பேஸ்ட் இல்லை, திரவ உலோகம். மின்சாரம் கடத்தும். ஒரு சொட்டு போர்டில் விழுந்தால் ஷார்ட். அலுமினியத்தில் பட்டால் அரித்துவிடும். சீரிஸ் எக்ஸ்-ல் சாதாரண பேஸ்ட்தான், அதனால் சில வருஷம் கழித்து மாற்றுவது எளிது. பின்னால் ஸ்டிக்கருக்கு அடியில் இரண்டு டி8 டார்க்ஸ் ஸ்க்ரூ (நட்சத்திர வடிவத் தலை) இருக்கும், வழி அங்கேதான் தொடங்குது. வாரண்டி முடியும்வரை தொட வேண்டாம்.

சர்வீஸ் வசதியை மட்டும் பார்த்தால் என் ஓட்டு எக்ஸ்பாக்ஸுக்கு.

#5 கண்டனூர் தங்கச்சி

அண்ணன்மார் எல்லாம் இயந்திரத்தைப் பேசுறீங்க. நான் ஐந்தொகை (வரவு செலவுக் கணக்கு) போட்டுக் காட்டுறேன்.

பெட்டி விலை ஒரு தடவைச் செலவு. கேம்தான் வருஷா வருஷம் போகும் பணம். கம்பெனிக்கும் அதே கணக்குதான். எக்ஸ்பாக்ஸ் பெட்டியை லாபத்துக்கு விற்றதே இல்லை என்று 2021-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் மைக்ரோசாஃப்ட் தரப்பே சாட்சி சொன்னது. கடையில் விற்கும் ஒவ்வொரு கேமிலும் ஏறக்குறைய 30 சதவீதம் கம்பெனிக்குப் போகும். பெட்டி முதல், கேம் வட்டி. அதனால் எந்தப் பெட்டியில் நம்மிடம் வட்டி குறைவாக வாங்குகிறார்கள் என்று பாருங்கள்.

டிஸ்க் போடும் பெட்டி வாங்கினால், ஆடி முடித்த டிஸ்க்கை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இரவல் கொடுக்கலாம். டிஜிட்டல் பிஎஸ்5-லும் சீரிஸ் எஸ்-லும் அது கிடையாது. பெட்டியில் மிச்சம் பிடித்த பணம் நாலைந்து கேமில் கரைந்துவிடும். நம்ம ஊர்ப்பக்கம் செகண்ட்ஹேண்ட் டிஸ்க் கைமாறுவது பெரும்பாலும் ப்ளேஸ்டேஷன்தான். எக்ஸ்பாக்ஸ் டிஸ்க் தேடி அலையணும்.

கவனிக்க இரண்டு. பிஎஸ்5 டிஸ்க் எந்த நாட்டுடையதானாலும் ஓடும். ஆனால் அதற்கான கூடுதல் பகுதி, அதாவது டிஎல்சி, அக்கவுண்ட் நாட்டோடு பொருந்த வேண்டும். சிங்கப்பூரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ யாராவது டிஸ்க் கொண்டுவந்து கொடுத்தால் கேம் ஓடும், இந்திய அக்கவுண்டில் வாங்கிய டிஎல்சி அதில் சேராமல் போகும். இரண்டாவது, பிஎஸ்5 ஸ்லிம் மாடலின் டிஸ்க் டிரைவ் கழற்றி மாட்டக்கூடியது. முதல் தடவை மாட்டும்போது இணையம் இருந்தால்தான் பெட்டியோடு அது பதிவாகும்.

நிண்டெண்டோவுக்கு இந்தியாவில் அதிகாரபூர்வ விற்பனை இல்லை. வெளிநாட்டுச் சரக்குதான் வருது, வாரண்டி வாங்கிய கடைக்காரர் வாய்ச்சொல் மட்டும். கேம் விலையும் லேசில் இறங்காது. சின்னதுகளுக்கு அது பிடிக்கும்தான், ஆனால் பொதுப்பணத்தில் முதல் பெட்டியாக வேண்டாம்.

#6 பள்ளத்தூர் பச்சை

தங்கச்சி, டிஸ்க் கணக்கு பழைய கணக்கு. எக்ஸ்பாக்ஸ்ல கேம் பாஸ் எடுத்தா மாசச் சந்தாவுல நூத்துக்கணக்கான கேம். லீவு ரெண்டு மாசம் கட்டிட்டு நிறுத்திரலாம். ஒன்பது பிள்ளைங்க ஆளுக்கொரு கேம் கேட்டா டிஸ்க் வாங்கி மாளுமா?

#7 கண்டனூர் தங்கச்சி

இரண்டு மாதம் கட்டி நிறுத்துவதாக இருந்தால் அது நல்ல வழிதான், மறுக்கவில்லை. வருஷம் முழுக்க என்றால் யோசிக்கணும். 2025 அக்டோபரில் அமெரிக்காவில் கேம் பாஸின் உயர்தர அல்டிமேட் சந்தா 19.99 டாலரிலிருந்து ஒரே அடியில் 29.99 ஆனது. வாடகை வீட்டில் வாடகையை ஏற்றுவது வீட்டுக்காரர் கையில். அதோடு டவுன்லோட் இருக்கு. 100 ஜிபி கேம் 40 எம்பிபிஎஸ் இணைப்பில் இறங்க ஐந்தரை மணி நேரம் ஆகும். இடையில் கரண்ட் போனால் இன்னும் நேரம்.

#8 புதுவயல் மில்ரோடு

எங்க பக்கம் அரிசி மில் தூசி. உமித்தூசி சாதாரணத் தூசி மாதிரி இல்லை, இலேசானது, ஒட்டிக்கொண்டால் விடாது. அதுக்கு என்ன செய்யலாம்? கரண்ட் போறதுக்கு யூபிஎஸ் எத்தனை விஏ வேணும்? சிவப்பு விளக்கு வந்த பழைய எக்ஸ்பாக்ஸ் 360 மலிவா வருது, வாங்கலாமா?

#9 செக்காலை சர்வீஸ்

மூன்றுக்கும் வரிசையாகச் சொல்றேன் அண்ணே.

உமித்தூசிக்கு: காற்று உள்ளே போகும் வழியில் கொசுவலைத் துணி ஒட்டுவாங்க. வேண்டாம். துளையில் உமி ஒட்டி அடைத்துக்கொண்டால் ஃபேன் முழு வேகத்தில் கத்தும், சூடு இறங்காது. அதற்குப் பதில் ஆடாத நேரத்தில் பருத்தித்துணி போட்டு மூடி வைங்க, ஆடும்போது எடுத்துருங்க. மற்ற ஊரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி எடுத்தால் புதுவயலில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கணும். ரெஸ்ட் மோடில் (பாதி அணைந்த நிலை) போடாமல் முழுசாக அணைத்துவிடணும், மூடி வைப்பதாக இருந்தால் அது கட்டாயம்.

யூபிஎஸ்: பிஎஸ்5 கனமான கேமில் 200 வாட் சுமார், 43 இஞ்ச் எல்இடி டிவி 80 முதல் 100 வாட், ரூட்டர் 10. மொத்தம் 310 வைங்க. 600 விஏ கம்ப்யூட்டர் யூபிஎஸ் 360 வாட் வரை தாங்கும், ஆனால் உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி. சில நிமிடம்தான். சேவ் செய்து அணைக்கப் போதும், ஆட்டம் தொடரப் போதாது. சீரிஸ் எஸ் 80 வாட் சுமார்தான் இழுக்கும், அதே யூபிஎஸ்ஸில் கூடுதல் நேரம் நிற்கும்.

வீட்டு இன்வெர்டரில் போடுவதாக இருந்தால் சைன் வேவ் என்று எழுதியிருக்கான்னு பாருங்க. ஸ்கொயர் வேவில் பவர் சப்ளை இரையும், சூடாகும். பல இன்வெர்டருக்குப் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், யூபிஎஸ் என்றும் ஈகோ என்றும். யூபிஎஸ் பக்கம் தள்ளி வைங்க. ஈகோவில் கரண்ட் மாறும் இடைவெளி அதிகம், பெட்டி ரீஸ்டார்ட் ஆகும்.

ஸ்டெபிலைசர் தேவையில்லை, இந்தப் பெட்டிகள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். லோ வோல்டேஜ் கொல்லாது. கொல்வது நியூட்ரல் விட்டுப் போவது. மூன்று ஃபேஸ் உள்ள பெரிய வீட்டில் நியூட்ரல் அறுந்தால் ஒரு ஃபேஸில் 300-க்கு மேல் ஏறிவிடும். ஓவர் வோல்டேஜில் தானே வெட்டும் கருவியை எலக்ட்ரீசியனிடம் சொல்லி போர்டில் மாட்டுங்க. பெட்டிக்கு மட்டுமல்ல, ஃப்ரிட்ஜுக்கும் அதுதான் காவல்.

360: மூன்று சிவப்பு விளக்கு வந்ததை வாங்காதீங்க. சிப் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, உள்ளே இருக்கும் சால்டர் இணைப்பு விரிசல் விடுவதுதான் நோய். துணியில் சுற்றிச் சூடேற்றினால் விரிசல் கொஞ்ச நாள் ஒட்டும், திரும்பவும் விடும். 2007-ல் மைக்ரோசாஃப்ட் இதற்காக வாரண்டியை 3 வருஷமாக்கி நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. பழசு வேண்டும் என்றால் வயரோடு வரும் பவர் அடாப்டரின் (செங்கல் என்பார்கள்) அடியில் உள்ள லேபிளைப் படிங்க. 203 வாட் என்றால் முதல் மாடல், தள்ளுங்க. 175 பரவாயில்லை. 150 வாட், 12.1 ஆம்ப் என்றால் ஜாஸ்பர் போர்டு, அந்த வெள்ளைப் பெட்டிகளில் அதுதான் உறுதி. ஆனால் செங்கல் மாற்றி விற்பதும் உண்டு, பெட்டியின் பின்னால் உள்ள ஆம்ப் எண்ணும் பொருந்துதான்னு பாருங்க.

#10 ஆத்தங்குடி

வைஃபைக்கு நான் சொல்றேன். முகப்பில் ரூட்டர், உள்ளே இரண்டாங்கட்டில் (இரண்டாவது முற்றப் பகுதி) கேம் பெட்டி என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் போய்ச் சேராது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த அந்தச் சுவர் அலையை விழுங்கிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தாண்டும், வேகம் பாதிகூட வராது, ஆன்லைன் ஆட்டத்தில் இழுக்கும். ரிப்பீட்டர் வாங்கிப் பணத்தை வீணாக்காதீங்க.

ரூட்டரிலிருந்து நேரே இழுக்கும் கேட்6 லேன் வயர் 100 மீட்டர் வரை முழு வேகம் தரும். எந்த வளவு வீட்டிலும் முகப்பிலிருந்து பின்கட்டு வரை அதற்குள் அடங்கும். சுவரைத் துளைக்க வேண்டாம், காரைப்பூச்சு ஒரு தடவை உதிர்ந்தால் அதே பளபளப்புக்குத் திரும்பப் பூச ஆள் கிடைப்பது கஷ்டம். முற்றத்து ஓரமாகத் தாழ்வாரத்து விட்டத்தை ஒட்டி, கதவு நிலைக்கு மேலே உள்ள காற்றுத்துளை வழியாக இழுங்க. முற்றத்தில் வெயில் படும் இடத்துக்கு வெளிப்புற வயர் வாங்கணும். சாதாரண வயரின் தோல் வெயிலில் வெடிக்கும்.

கோடை மழையில் இடி இறங்கும்போது கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு லேன் வயரை விட்டுவிடுவார்கள். அந்த வயர் வழியாகத்தான் இடி பாய்ந்து பெட்டி கெட்டுப்போகும். இரண்டையும் பிடுங்கணும்.

#11 கோட்டையூர்

ஒரு விஷயம் சொல்லணும், ஏன்னா "எக்ஸ்பாக்ஸ் ஒழிந்தால் நல்லது" என்று பேசும் பிள்ளைகள் இந்த இழையையும் படிக்கும்.

பிஎஸ்2 16 கோடி விற்றது. அந்த வெற்றிக்குப் பிறகு வந்த பிஎஸ்3-க்கு 2006-ல் சோனி வைத்த விலை 599 டாலர் வரை. எதிரில் 360 இருந்ததால்தான் இறங்கி வந்தது. 2013-ல் தான் மேலே இருக்கிறோம் என்ற நம்பிக்கையில் மைக்ரோசாஃப்ட், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் சரிபார்த்தால்தான் ஆடலாம், பழைய டிஸ்க் விற்கக் கட்டுப்பாடு என்று அறிவித்தது. சோனி ஜூன் 10-ஆம் தேதி இ3 கேம் கண்காட்சியில், பிஎஸ்4 399 டாலர், டிஸ்க் உங்கள் சொத்து என்றது. எக்ஸ்பாக்ஸ் ஒன் 499. ஜூன் 19-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அந்த விதிகளை மொத்தமாக வாபஸ் வாங்கியது. தங்கச்சி சொன்ன அந்த டிஸ்க் இரவல் இன்றைக்கும் இரண்டு பெட்டியிலும் நடக்குதே, அது அந்தப் பத்து நாள் போட்டியில் மிஞ்சியது. ஒருவரே கடை வைத்திருந்தால் போயிருக்கும்.

ப்ளேஸ்டேஷன் பிறந்ததே போட்டியில்தான். 1991-ல் சோனியோடு இருந்த கூட்டணியை விட்டுவிட்டு நிண்டெண்டோ பிலிப்ஸ் பக்கம் போனது. சோனி தனியாகப் பெட்டி செய்து 1994 டிசம்பரில் இறக்கியது.

#12 பள்ளத்தூர் பச்சை

இதுல கோட்டையூர் அண்ணனோட முழுசா ஒத்துப்போறேன். ஃபோர்ட்நைட்ல ரெண்டு பக்கத்துப் பிள்ளைங்களும் சேர்ந்து ஆட சோனி வழிவிட்டது 2018 செப்டம்பர்லதான், அதுவும் ரசிகர்கள் கேட்டுக் கேட்டு. இப்ப ஃபோர்ஸா ஹொரைசன் 5-ஏ பிஎஸ்5-க்கு வந்துருச்சு, 2025 ஏப்ரல்ல. எக்ஸ்பாக்ஸ்ல மட்டும் கிடைக்கும்னு சொல்ல எங்க பக்கம் கேம் குறைஞ்சுகிட்டே வருது. அது வருத்தம்தான். சோனியோட சொந்தக் கேம் இந்தப் பக்கம் அப்படி வரிசையா வர்றதில்லை. கழனிவாசல் அண்ணனுக்கு ஒரே பெட்டின்னா, டிஸ்க் கைமாறும் ஊர்ல, பிஎஸ்5 டிஸ்க் மாடலைத் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

#13 கழனிவாசல்

எல்லாருக்கும் நன்றி. டிஸ்க் டிரைவோடு பிஎஸ்5 ஸ்லிம், இரண்டாங்கட்டில் மரஸ்டூல் மேல், கேட்6 வயர், கன்ட்ரோலர் நாலு. கடைசியாக இரண்டு சந்தேகம். பெட்டியிலிருந்து டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ வயரைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும் என்கிறார்களே, ஏன்? கன்ட்ரோலர் குச்சி தானாக நகரும் நோய்க்கு என்ன வைத்தியம்?

#14 செக்காலை சர்வீஸ்

இழுப்பது எர்த் இல்லாததால். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் ரெண்டுக்கும் எட்டு வடிவ இரண்டு முனை வயர்தான். பவர் சப்ளையில் கசியும் சிறு மின்சாரம் எச்டிஎம்ஐ உலோகத்தில் நிற்கும். ஆளைக் கொல்லாது, ஆனால் கேபிள் டிவி பாக்ஸ் எர்த்தாகி இருந்து, இரண்டும் ஓடும்போதே எச்டிஎம்ஐ செருகினால் அந்தப் பொறி எச்டிஎம்ஐ சிப்பைக் கொல்லும். டிவி, பெட்டி இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் செருகணும். பிள்ளைகளை அந்த வயரைத் தொடவே விடாதீங்க.

கரண்ட் போய் வந்தபின் பெட்டி ஸ்டோரேஜ் சரிபார்த்துக்கொண்டே நின்றால்: அணைத்துவிட்டு பவர் பட்டனை இரண்டாவது பீப் கேட்கும்வரை, சுமார் 7 நொடி, அழுத்திப் பிடிங்க. கன்ட்ரோலரை வயரில் மாட்டி பிஎஸ் பட்டன். வரும் பட்டியலில் 5-ஆவதில் போய் டேட்டாபேஸ் ரீபில்ட். கேம் அழியாது. 6, 7 இரண்டையும் தொடாதீங்க, அவை எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

குச்சி நகர்வது ரெண்டு கட்சிக்கும் பொது நோய். உள்ளே கரித்தடம் மேல் உரசும் பொடென்ஷியோமீட்டர்தான். தேய்ந்த கரித்தூள் படிந்தால் நகரும். முதலில் 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு, குச்சியைச் சாய்த்து இடுக்கில் விட்டு ஐம்பது தடவை சுற்றுங்க, ஒரு மணி நேரம் காயட்டும். சானிடைசர் ஊற்றாதீங்க, அதில் தண்ணீரும் பசையும் இருக்கு.

தடம் தேய்ந்தே போயிருந்தால் மாட்யூல் மாற்றணும். ஒரு குச்சிக்கு 14 கால். பழைய சால்டர் ஈயமில்லாதது, லேசில் உருகாது. அதன் மேல் ஈயம் கலந்த சால்டரைக் கொஞ்சம் சேர்த்து, 360 டிகிரியில் உருக்கி உறிஞ்சுங்க. கிரவுண்டில் சேரும் நாலு தடித்த கால் சூட்டைக் குடிக்கும், அங்கே அவசரப்பட்டு இழுத்தால் போர்டின் செம்புத்தடம் கையோடு வந்துவிடும். அதோடு அந்தக் கன்ட்ரோலர் முடிந்தது. காந்தத்தில் வேலை செய்யும் ஹால் மாட்யூல் போட்டால் திரும்பத் தேயாது. ஆனால் மாட்டியதும் அளவு திருத்தணும். யூஎஸ்பி வயரில் கம்ப்யூட்டரோடு இணைத்து, முதலில் நடுப்புள்ளி, அதன்பின் குச்சியை விளிம்போடு ஒட்டி மெதுவாக நாலு சுற்று. நடுப்புள்ளி சரியாக உட்காராமல் விளிம்பை எடுத்தால் ஓடுகிற பேட்ஸ்மேன் ஒரு பக்கமாகவே சாய்ந்து ஓடுவார்.